மலையில் மனை வாங்கும் முன் பழுப்புக் கோடுகளைப் பாருங்கள்

நீலகிரியில் மனை வாங்க ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பத்திரம், பட்டா, புல வரைபடம் எல்லாம் கையோடு கொண்டுவருகிறார்கள். புல வரைபடத்தில் எல்லையின் அளவுகள் இருக்கும். நிலத்தின் சாய்வு இருக்காது. மலைச்சரிவுகளை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட நான் முதலில் கேட்பது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டை, அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் வரைபடத் தாளைத்தான்.

அதிலுள்ள பழுப்புக் கோடுகள் சம உயரக் கோடுகள். ஒரே கோட்டில் எங்கே நின்றாலும் கடல் மட்டத்திலிருந்து உயரம் ஒன்றுதான். பெரும்பாலான தாள்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் ஏற்றம்; ஒவ்வொரு ஐந்தாவது கோடும் தடித்திருக்கும். தாளில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அதற்குள் 100 மீட்டர் ஏறினால் சாய்வு சுமார் 11 டிகிரி. அதே ஏற்றம் 4 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிட்டால் 27 டிகிரியை நெருங்குகிறது.

இதைக் கற்றவர்கள்கூட, கோடுகள் விலகியிருக்கும் இடம் சமதளம், ஆகவே ஆபத்தில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்குப் பெருங்கவலை தருவது இந்த நம்பிக்கைதான். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் சூரல்மலையைப் புரட்டிப்போட்ட சேறும் பாறையும் அந்த ஊரில் சரிந்தவை அல்ல. சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்து, ஆற்றின் வழியே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் இறங்கி வந்தவை.

ஆகவே உங்கள் மனையோடு நிறுத்தாமல் அருகிலுள்ள ஓடையைப் பிடித்துத் தாளில் மேலே போங்கள். ஓடையைக் கடக்கும் கோடுகள் கூராக வளையும். கூர்முனை உயர்ந்த பக்கத்தை நோக்கினால் அது பள்ளம். தாழ்ந்த பக்கத்தை நோக்கினால் மலையின் முதுகு. பள்ளங்கள் பல ஒன்றுகூடி, அவற்றின் தலைப்பகுதியில் கோடுகள் நெருங்கிக் கிடந்தால் கீழேயுள்ள சமதளத்தை நம்பாதீர்கள். நீலக் கோடுகளை மட்டும் தேடுவதும் போதாது. மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் ஓடைகள் இந்தத் தாள்களில் கருப்பாக இருக்கும்.

தாளுக்கும் எல்லை உண்டு. வீடு கட்டுவதற்காக 15 மீட்டர் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் கோடுகளின் 20 மீட்டர் உயர இடைவெளிக்குள் தெரியாமலே போய்விடலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, 1 மீட்டர் உயர இடைவெளியில் சம உயரக் கோடுகள் வரைந்து தரும்படி நில அளவையாளரிடம் கேளுங்கள். மனைக்கு மேலே உள்ள சரிவையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.