பெட்டன்கோஃபர் காலரா கிருமியைக் குடித்தது உண்மைதான். மீதிக் கதையையும் கேளுங்கள்

மழை தொடங்கியதும் அந்த வாட்ஸ்அப் செய்தியும் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் டம்ளர் நிறையக் காலரா கிருமியை மடமடவென்று குடித்தாராம், அவருக்கு ஒன்றுமே ஆகவில்லையாம், ஆகவே கிருமியால் நோய் வருகிறது என்பதே மருந்துக் கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கதையாம், எதிர்ப்புச் சக்தி இருப்பவன் எந்தத் தண்ணீரையும் குடிக்கலாமாம்.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் மருத்துவராக இருக்கிறேன். வாந்திபேதி என்று வருகிறவர்களின் மல மாதிரிகள் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். சமீபத்தில் ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்து மாதிரிகள் வந்தன. குழாயில் கலங்கலாக, நாற்றத்தோடு தண்ணீர் வந்தது தெரிந்தும் காய்ச்சாமல் குடித்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவரைக் கொண்டுவந்தபோது கையில் நாடியே கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி போட்டு சலைனை வேகமாக ஏற்றித்தான் மீட்டார்கள். அவர் மகன், படித்து வேலையில் இருப்பவர், வார்டு வாசலில் என்னை நிறுத்தி போனில் இதே செய்தியைக் காட்டி, "இது நடந்ததுதானே டாக்டர்?" என்று கேட்டார். அப்பா உள்ளே படுத்திருக்கிறார்! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததுதான். ஆனால் செய்தியில் இருப்பதுபோல நடக்கவில்லை.

அவர் பெயர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். மியூனிக்கில் சுகாதாரவியல் பேராசிரியர், அந்தத் துறையையே உருவாக்கியவர்களில் ஒருவர். 1892 அக்டோபர் 7 அன்று, 73 வயதில், சாட்சிகள் முன்னால், விப்ரியோ என்ற காலரா கிருமி வளர்ந்த திரவத்தைக் குடித்தார். டம்ளர் நிறைய அல்ல. வளர்ப்புத் திரவம் 1 கன சென்டிமீட்டர், அதாவது கால் டீஸ்பூன்கூட இல்லை. அதைச் சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கலந்து குடித்தார். வயிற்றின் அமிலம்தான் கிருமியைக் கொன்றது என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவரே யோசித்துச் செய்த ஏற்பாடு அந்தச் சோடா உப்பு. நேர்மையான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பது பொய். சில நாளில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, மலத்தில் விப்ரியோக்கள் ஏராளமாக இருந்தன. லேசாக வந்து போய்விட்டது, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து அவருடைய மாணவர் ருடோல்ஃப் எம்மெரிக்கும் அதே கிருமியைக் குடித்தார். அவருக்குப் பேதி கடுமையாகவே வந்தது, பிழைத்துக்கொண்டார். எம்மெரிக்கின் பெயரை அந்தச் செய்தியில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெட்டன்கோஃபருக்குக் கிருமியைக் கொடுத்தவர், காலராவுக்குக் கிருமிதான் காரணம் என்று சொன்ன ராபர்ட் கோக்கின் சகாவான காஃப்கி. கிழவர் என்ன செய்யப்போகிறார் என்று ஊகித்து அவர் வீரியம் குறைத்து அனுப்பினார் என்று பின்னால் எழுதியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லாவிட்டாலும் இந்த முடிவில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தக் குழப்பமும் இங்கேதான் இருக்கிறது. காலரா கிருமி உள்ளே போன எல்லோருக்கும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிப் பேதி கொட்டாது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே தெரியாது, அல்லது பெட்டன்கோஃபருக்கு வந்த மாதிரி லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஒரு சிறு பங்கினருக்குத்தான் சில மணி நேரத்தில் உடம்பு நீர் முழுக்க வெளியேறிக் கண் உள்ளே போய்விடும். யார் அந்தச் சிறு பங்கு என்பது முன்கூட்டித் தெரியாது. எத்தனை கிருமி போனது, வயிற்றில் அமிலம் எவ்வளவு, ஏற்கெனவே வந்து போனதா, சாப்பாடு சரியாக இருக்கிறதா, எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிறது (ஓ வகை இரத்தக்காரர்களுக்குக் காலரா கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம், இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்). ஆகவே உடம்பின் நிலைக்கு இதில் பங்கு இல்லை என்று எந்த நுண்ணுயிரியல்காரரும் சொல்லவில்லை. கிருமி இல்லாமல் காலரா வராது என்றுதான் சொல்கிறோம். ஒருவர் குடித்துப் பிழைத்தார் என்றால் அந்த ஒருவர் பிழைத்தார் என்றுதான் அர்த்தம். கூடவே இன்னொன்று: அறிகுறி இல்லாமல் தப்பித்தவரின் மலத்திலும் சில நாள் கிருமி வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவரிடமிருந்து அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போகும். நோயில்லாதவர்களிடமும் கிருமி இருக்கிறது என்பதை 1893-லேயே கோக் எழுதிவிட்டார்.

கிருமி என்று ஒன்று இல்லை என்று பெட்டன்கோஃபரும் சொல்லவில்லை. கிருமி மட்டும் போதாது, அது அந்த ஊர் மண்ணில் பக்குவப்பட வேண்டும், நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்க வேண்டும், ஆளும் அதற்கு ஏற்ற ஆளாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. குடிதண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் மியூனிக் நகரத்துக்குச் சாக்கடைக் குழாயும் நல்ல தண்ணீரும் வரப் பாடுபட்டவர் அவர். அந்த மனிதரை இழுத்துவந்து "எந்தத் தண்ணீரையும் குடி" என்று சொல்ல வைப்பது அவருக்கே செய்கிற துரோகம்.

சரி, அவர் ஏன் அந்த 1892-இல் போய்க் குடித்தார்? இதைத்தான் செய்தி சொல்வதே இல்லை. அந்த ஆகஸ்டில்தான் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்கில் காலரா வெடித்தது. சில வாரங்களில் சுமார் 17,000 பேருக்கு நோய், 8,600 பேர் சாவு. ஹாம்பர்க் எல்பே நதித் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. நகரத்துக்கு மேலே, நீரோட்டம் வரும் பக்கத்திலிருந்துதான் எடுத்தார்கள், ஆனால் கடலிலிருந்து ஏறும் அலை நகரத்துச் சாக்கடையை அங்கே வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. வடிகட்டி கட்டும் திட்டம் செலவுக் கணக்குப் பேசிப் பேசியே வருஷக்கணக்கில் இழுத்தது. நகர மருத்துவ அதிகாரிகளிடம் பெட்டன்கோஃபரின் கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. முதல் நோயாளிகள் செத்த பிறகும் இது காலராதான் என்று அறிவிக்க ஒரு வாரம் போல இழுத்தடித்தார்கள், அந்த வாரம் முழுக்க மக்கள் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்தார்கள்.

ஹாம்பர்கை ஒட்டியே ஆல்டோனா என்று இன்னொரு ஊர். எங்கே ஹாம்பர்க் முடிகிறது, எங்கே ஆல்டோனா தொடங்குகிறது என்று நடந்து போகிறவருக்குத் தெரியாது. ஒரே மண், ஒரே காற்று, ஒரே மாதிரி ஜனங்கள். ஆல்டோனா தண்ணீர் எடுத்ததும் அதே எல்பேயில்தான், அதுவும் ஹாம்பர்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு, கீழே. ஆனால் அவர்கள் மணல் வடிகட்டி வழியாக விட்டார்கள். எல்லைத் தெரு ஒன்றில் ஹாம்பர்க் பக்கம் காலரா, எதிர்ப்பக்கம் இல்லை. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே இருந்த ஒரு குடியிருப்புக்கு ஆல்டோனா குழாயிலிருந்து தண்ணீர் வந்தது, அங்கேயும் இல்லை. ஆல்டோனாவில் வந்தது ஹாம்பர்கோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு, அதிலும் பலர் ஹாம்பர்கில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். மண்தான் காரணம் என்ற வாதம் அந்தத் தெருவிலேயே முடிந்துவிட்டது. இதெல்லாம் நடந்து முடிவதற்குள், தன் கட்சியைக் காப்பாற்ற, மியூனிக்கில் பெட்டன்கோஃபர் குடிக்கிறார். ஒரு பக்கம் 8,600 சாவு, இன்னொரு பக்கம் ஒரு பேராசிரியரின் லேசான வயிற்றுப்போக்கு. எது சாட்சி என்று நீங்களே சொல்லுங்கள்.

(அந்த மணல் வடிகட்டியில் பாதி வேலை செய்வது மணல் இல்லை, மேலே படியும் வழவழப்பான படலம். அது முழுக்க உயிருள்ள நுண்ணுயிர்கள்தான். படலம் சரியாக உருவாகாத வடிகட்டியைக் கோக் நம்பவில்லை. வடிகட்டிய நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 பாக்டீரியாவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்.)

கோக்கின் பக்கமும் ஓர் ஓட்டை இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1883-இல் எகிப்துக்கும் பிறகு கல்கத்தாவுக்கும் வந்து, 1884 தொடக்கத்தில் கல்கத்தாவில் இந்த வளைந்த கிருமியைத் தனியாக வளர்த்தெடுத்தார், நோய் பரவிய குளத்துத் தண்ணீரிலும் கண்டுபிடித்தார். அதற்கு 30 வருஷம் முன்பே, 1854-இல், ஃபிளாரன்ஸில் பிலிப்போ பாசினி செத்தவர்களின் குடலில் இதைப் பார்த்து எழுதியிருந்தார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று சொல்லி, பிராட் தெரு அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்ததும் அதே 1854-இல்தான். ஆனால் விலங்குகளுக்கு இந்தக் கிருமியை ஊட்டி மனிதருக்கு வருவது மாதிரியான காலராவைக் கோக்கால் ஒழுங்காக வரவைக்க முடியவில்லை. அதைத்தான் பெட்டன்கோஃபர் பிடித்துக்கொண்டார். அந்த ஓட்டையை அடைத்தவர் கல்கத்தாவில் வேலை பார்த்த சம்பு நாத் டே. முயலின் குடலைச் சிறு துண்டாகக் கட்டி, அதற்குள் கிருமியை விட்டால் நீர் கோத்துக்கொண்டு வீங்குவதைக் காட்டினார். 1959-இல் இன்னும் ஒரு படி போய், கிருமியையே வடிகட்டி நீக்கிய திரவம் மட்டும் அதே வேலையைச் செய்வதைக் காட்டினார். கிருமி சுரக்கும் நச்சுதான் ஆளைக் கொல்கிறது. பாஸ்டர் பெயரையும் கோக் பெயரையும் மனப்பாடம் செய்கிற நம் பிள்ளைகளுக்கு டேயின் பெயர் தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம்.

பாஸ்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. சாகும் தறுவாயில் "கிருமி ஒன்றுமில்லை, உடம்பின் நிலையே எல்லாம்" என்று அவர் ஒப்புக்கொண்டதாக இதே செய்தியின் வாலில் ஒட்டியிருப்பார்கள். அப்படிச் சொன்னதற்குச் சான்று கிடையாது. விட்டுவிடுங்கள்.

நம்ப மறுப்பவர்களுக்கு எங்கள் லேபுக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கக் கிடைத்தால் போதும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். நோயாளியின் மாதிரியில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தொங்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், விப்ரியோக்கள் விருட் விருட்டென்று குறுக்கும் நெடுக்கும் பாயும், கண்ணால் பின்தொடரவே முடியாது. அதில் காலரா எதிர்சீரம் (அந்தக் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உள்ள திரவம்) ஒரு சொட்டு சேர்த்தால் அத்தனையும் அப்படியே நின்றுவிடும். மறுநாள் கிருமி வளர்க்கும் பச்சை நிறத் தட்டில் தட்டையான மஞ்சள் புள்ளிகளாக வளர்ந்திருக்கும். அந்தப் பெரியவரின் தட்டிலும் அப்படித்தான் வளர்ந்தது.

இனி செய்ய வேண்டியவை. தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால் தெருவில் எல்லோரும் அதைத்தானே குடிக்கிறார்கள் என்று இருக்காதீர்கள், சாக்கடைக் குழாய் அருகில் எங்கோ உடைந்திருக்கலாம், அன்றே புகார் கொடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆக வேண்டும், சூடு ஏறியதும் இறக்குவது காய்ச்சுவது ஆகாது. காய்ச்சிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு அதற்குள் கைவிட்டு டம்ளரால் மொள்வதை தயவுசெய்து நிறுத்துங்கள், காய்ச்சியதே வீண். கேன் தண்ணீர் என்பதால் மட்டும் சுத்தம் என்று நம்ப வேண்டாம். கழிவறைக்குப் போய்வந்த பிறகும் சாப்பாட்டைத் தொடும் முன்பும் சோப்பு, வெறும் தண்ணீர் இல்லை. அமிலம் குறைக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் சுயமாக வாங்கி விழுங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், உங்கள் வயிற்றின் முதல் காவலை நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

பேதி ஆரம்பித்தால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ்., இரண்டாவது மோஷனிலிருந்தே. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது திலீப் மகலனாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை வைத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார், சாவு 100-க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதே மாதிரிப் பெயரில் விற்கும் இனிப்புப் பானம் பேதியை அதிகமாக்கும். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தைக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டவே வேண்டாம். சிறுநீர் போகவில்லை, கண் குழிவிழுந்துவிட்டது, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை என்றால் வீட்டில் இருந்து பார்க்கும் விஷயமே இல்லை, வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஊட்டிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக என் மேஜையிலிருந்து ஒரு வேண்டுகோள். மருத்துவர் மலப் பரிசோதனை எழுதினால் ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்பே மாதிரி எடுத்துக் கொடுங்கள் (ரிசல்ட்டுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டாம்). சுத்தமான மூடி டப்பாவில், ஈரம் காய்வதற்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். டயப்பரிலிருந்து சுரண்டியதை மதியம் வரை மேஜையில் வைத்துவிட்டுக் கொண்டுவந்தால், இருந்த விப்ரியோவும் செத்திருக்கும், காலரா இல்லை என்று தவறான ரிசல்ட் வரும், உங்கள் தெருக் குழாயை யாரும் சோதிக்க வரமாட்டார்கள்.