தசை செரிப்பதில்லை: ‘வளர்சிதை மாற்றம்’ என்னும் சொல்

இந்திய உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆராய்ச்சி வாழ்க்கையைத் தமிழில் விவரித்த ஓர் உரையில், அவர் ஹார்வர்டில் ஆராய்ந்த பொருள் ‘தசைகளின் செரிமான ஆற்றல்’ என்று அண்மையில் கேட்டேன். ‘மெட்டபாலிசம்’, அதாவது வளர்சிதை மாற்றம், என்று மூலத்தில் வரும் இடமெல்லாம் ‘செரிமானம்’ என்று எழுதிவிடும் வழக்கம் எடைக்குறைப்புக் குறிப்புகளில் மலிந்து, இப்போது அறிவியலாளரின் வரலாற்றுக்குள்ளும் நுழைந்துவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் பாஸ்டனுக்குக் கப்பலேறிய அம்மனிதரின் முதன்மையான கண்டுபிடிப்பையே இந்த ஒரு சொல் மறைத்துவிடுகிறது என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் ‘மெட்டபோலே’ என்றால் மாற்றம். 1839-இல் ஜெர்மானிய உடலியங்கியலாளர் தியோடர் ஷ்வான் உயிரணுக்களின் வேதிச் செயல்களைக் குறிக்க இதிலிருந்து ஓர் அடைமொழியை எடுத்தாண்டார். ஜெர்மானியர் தம் மொழியிலேயே ‘ஸ்டாஃப்வெக்செல்’, அதாவது பொருள்மாற்றம், என்று வழங்கினர். இரு மொழிச் சொற்களிலும் உணவோ வயிறோ இல்லை.

செரித்தல் என்பது உண்டதை உணவுப்பாதையில் உடைத்து, உடல் உறிஞ்சத்தக்கதாக்குவது. அதற்கு இடமும் உண்டு, முடிவும் உண்டு. ஆகவேதான் வள்ளுவர் அதை ‘அற்றது’ என்று முடிந்துபோன செயலாகச் சொல்ல முடிந்தது. வளர்சிதை மாற்றமோ உறங்கும்போதும், பட்டினி கிடக்கும்போதும், ஒவ்வோர் உயிரணுவிலும் ஓயாமல் நடப்பது. ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ மேயர்ஹாஃப் தவளையின் உடலிலிருந்து அறுத்தெடுத்த தசையில் ஆய்வு செய்தார். குடலோடு தொடர்பற்றுக் கிடந்த அந்தத் தசை சுருங்கியது, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கியது, ஆக்சிஜன் கிடைத்தபோது அவ்வமிலத்தின் பெரும்பகுதியை மறுபடி கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு மாவுப்பொருளாகக் கட்டிக்கொண்டது. 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை ஆர்ச்சிபால்ட் ஹில்லோடு அவர் பகிர்ந்துகொண்டது இத்தகைய ஆய்வுகளுக்காகத்தான். அந்தத் தசை எதைச் செரித்தது என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லட்டும்.

சுப்பாராவின் பணி இதைவிடத் தெளிவான சான்று. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்னும் உயிர்வேதியியலாளரும் அவரும் பாஸ்பரஸை நிறமாற்றத்தால் அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டனர். தசைச் சாற்றில் அம்முறையைக் கையாண்டபோது நிறம் உடனே வராமல் தாமதித்தது. அத்தாமதத்தை அளவைப் பிழையென்று ஒதுக்காமல் துருவியதன் பயனாக, அமிலத்தில் எளிதில் உடையும் பாஸ்போகிரியேட்டின் என்னும் சேர்மம் 1927-இல் வெளிப்பட்டது. தசை வேலை செய்கையில் அது சிதைகிறது, ஓய்வில் மீண்டும் உருவாகிறது. 1929-இல், ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியே கண்டறிந்த அதே காலத்தில், ஃபிஸ்க்கும் சுப்பாராவும் உயிரணுக்களில் ஆற்றலைக் கைமாற்றும் சேர்மமான ஏடிபி-யையும் தசையிலிருந்து பிரித்தறிந்தனர். மறு ஆண்டே டென்மார்க்கின் உடலியங்கியலாளர் எய்னர் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உருவாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது என்றும், அப்போது பாஸ்போகிரியேட்டின் குறைகிறது என்றும் காட்டினார். லாக்டிக் அமிலமே சுருக்கத்தின் காரணம் என்ற கொள்கை அதோடு சரிந்தது.

சிதைகிறது, மீண்டும் உருவாகிறது: இந்த இரண்டும் சேர்ந்ததே சுப்பாராவ் கண்டது. ‘செரிமானம்’ என்று எழுதும்போது உடைத்தல் மட்டும் எஞ்சுகிறது, கட்டுதல் காணாமற்போகிறது. ‘எளிய வாசகருக்குப் புரிய வேண்டுமே’ என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். புரிவது எது என்று கேட்க வேண்டாமா? சீரகத் தண்ணீர் குடித்தால் மெட்டபாலிசம் கூடும் என்று ஒருவர் நம்புவதற்குப் பெருங்காரணம் இந்தச் சொற்குழப்பமே. தவறான பொருளை எளிதாகப் புரியவைக்கும் சொல்லை எளிய சொல் என்று பாராட்ட என்னால் இயலவில்லை. கருத்தையும் ‘செரிக்கிறோம்’ என்று உருவகமாகச் சொல்கிறோமே என்று வாதிடுவோரும் உண்டு. உருவகத்துக்கு இடமளிக்கும் சொல், பக்கத்திலேயே உண்மையான செரிமானமும் பேசப்படும் உடலியங்கியலில் கலைச்சொல்லாக நிற்காது.

மெட்டபாலிசத்துக்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் ‘அனுசேபம்’ இத்தகைய பிழையன்று. கிரேக்கச் சொல்லின் பிற்பகுதி ‘எறிதல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து வருவது. வடமொழி ‘க்ஷேப’மும் எறிதலே. கட்டுதலுக்கு உட்சேபம், உடைத்தலுக்கு அவசேபம் என்று மேலெறிதலும் கீழெறிதலுமாக இணைச்சொற்களும் ஒழுங்காக அமைந்துள்ளன. ஆனால் அந்த ஒழுங்கு வடமொழி அறிந்தவருக்கே தெரியும்; தமிழ் மட்டும் அறிந்த மாணவர் அதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

‘வளர்சிதை மாற்றம்’ அப்படியன்று. வளர்மாற்றம், சிதைமாற்றம் என்று பிரித்தால் இரு கூறுகளும் தனித்தனிக் கலைச்சொற்களாகவே நிற்கின்றன. சிதை என்பது ஈமச்சிதையையும் நினைவூட்டுகிறதே என்ற குறையை நான் பொருட்படுத்தவில்லை. வளர் என்பது பக்கத்திலேயே நிற்கும்போது யாரும் மயங்கப்போவதில்லை. நீளம் ஒரு குறைதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இச்சொல்லையும் கவனத்தோடு கையாள வேண்டும். ‘ஆற்றல் வளர்சிதை மாற்றம்’ என்று நேராக அடுக்கினால் ஆற்றல் வளர்கிறது, ஆற்றல் சிதைகிறது என்று பொருள்பட்டு, ஆற்றல் அழியாது என்னும் இயற்பியல் விதியோடு முரண்படும். வளர்வதும் சிதைவதும் பாஸ்போகிரியேட்டின், ஏடிபி, கிளைக்கோஜன் போன்ற சேர்மங்களே. ஆற்றல் அவற்றினூடாகக் கைமாறுகிறது. ஆகவே ‘சார்’ என்னும் ஓரசையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. நான் கேட்ட அந்த வாக்கியம், ‘சுப்பாராவ் ஹார்வர்டில் தசையின் ஆற்றல்சார் வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்தார்’ என்று அமைந்திருக்க வேண்டும்.