‘ஆர்கைவ்’ என்பதைக் ‘காப்பு’ என்று எழுதலாமா?

காணொளித் தொகுப்புப் பணியில் இருப்போருக்காகத் தமிழாக்கப்படும் மென்பொருள் கையேடுகளில் ஒரு வாக்கியம் அலுத்துப்போகும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது: ‘காப்பு முடிந்ததும் மூலக் கோப்புகளை நீக்கலாம்.’ இங்கே ‘காப்பு’ என்று எழுதப்பட்டிருப்பது ஆர்கைவ் (archive), அதாவது முடிந்த வேலையை நெடுங்காலத்துக்குச் சேர்த்துவைப்பது. அதே கையேட்டின் முந்தைய பக்கத்தில் பேக்கப் (backup), அதாவது மூலம் பழுதானால் உதவ எடுத்துவைக்கும் கூடுதல் படி என்பதற்கும் ‘காப்பு’ என்றே எழுதியிருப்பார்கள். பேக்கப் என்று புரிந்துகொண்டு இந்த வாக்கியத்தைப் பின்பற்றுகிறவர், இன்னொரு வன்தட்டில் ஒரு படி இருக்கிறது என்ற தைரியத்தில் மூலத்தை அழித்துவிடுவார். அந்த நொடியிலிருந்து அவரிடம் இருப்பது காப்புப்படி அல்ல, ஒரே படி. மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு ஒருவருடைய உழைப்பையே அழித்துவிடக்கூடிய இடம் இது.

சொல்லின் வரலாறு நீளமானதன்று. கிரேக்க மொழியில் ‘ஆர்கே’ என்றால் தொடக்கம், ஆட்சி. அதிலிருந்து பிறந்த ‘ஆர்கையோன்’ ஆட்சியாளரின் அலுவலகத்தைக் குறித்தது. ஆட்சி ஏடுகள் அங்கே இருந்தமையால் இடத்தின் பெயர் ஏடுகளுக்கும் ஆகிவந்தது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் பெயர்ச்சொல்லாக வந்து, பிற்காலத்தில்தான் வினையாகவும் வழங்கத் தொடங்கியது. பெயருக்குத் தமிழில் ஆவணக் காப்பகம் என்பது நிலைத்துவிட்டது. அதில் எனக்குக் குறையில்லை. வம்பெல்லாம் வினையில்தான்.

படப்பிடிப்பு நாளில் கேமராவின் நினைவக அட்டையிலிருந்து இரண்டு வன்தட்டுகளுக்குக் காட்சிப்பதிவை ஏற்றுகிறோமே, அது பேக்கப். வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு தட்டு பழுதானால் மற்றொன்று உதவும். வேலை நகர நகர அந்தப் படியும் மாறும், சில வாரங்களில் அதன் மேலேயே வேறொன்று எழுதப்படும். ஆர்கைவ் என்பதோ படம் முடிந்த பிறகு, இனி மாறாத நிலையை அடைந்த பதிவுகளைப் பட்டியலிட்டு, எல்டிஓ (LTO) போன்ற, கோப்புகளைப் பதியும் காந்த நாடாவான தரவு நாடாவில் எழுதி, எழுதியதை மீண்டும் படித்துச் சரிபார்ப்புத் தொகைகள் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்கள்) கோப்புக்குக் கோப்பு ஒத்துவருகின்றனவா என்று பார்த்து, இரண்டாம் நாடா ஒன்றையும் அவ்வாறே எழுதி வேறோர் இடத்துக்கு அனுப்பி, அதன் பின்னரே வேலைத்தட்டைக் காலி செய்வது. எட்டாம் தலைமுறை எல்டிஓ நாடா ஒன்று 960 மீட்டர் நீளம், 12 டெராபைட் கொள்ளளவு. நொடிக்கு 360 மெகாபைட் என்ற முழு வேகத்தில் எழுதினாலும் அதை நிரப்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். சரிபார்க்க ஏறத்தாழ இன்னொரு ஒன்பது மணி நேரம். தரவு விட்டுவிட்டு வந்தால் நாடா நிற்பதும் பின்னுக்குச் சுற்றுவதும் மறுபடி ஓடுவதுமாக இன்னும் இழுக்கும். இவ்வளவு பொறுமை வேண்டுகிற வேலைக்கும், அட்டையைச் செருகிப் படியெடுக்கும் வேலைக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

காப்பு நல்ல சொல்தான். வரக்கூடிய தீங்கை முன்கூட்டியே தடுப்பது என்ற பொருளில் கைக்குக் காப்பு, நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் என்று காலங்காலமாக வழங்குவது. அதனாலேயே அது பேக்கப்புக்கு அச்சாகப் பொருந்துகிறது. காப்புப்படி, காப்புநகல் எதுவானாலும் அங்கேயே இருக்கட்டும்.

இந்தக் குழப்பத்தை உணர்ந்த சிலர் ஆர்கைவுக்குக் ‘காப்பகப்படுத்து’ என்று எழுதுகிறார்கள். செயலிகளின் தமிழ்ப் பட்டிகளில் இன்று பரவலாகக் காணப்படுவதும் இதுவே. இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. தூய்மைப்படுத்து என்றால் தூய்மையாக்கு. மேம்படுத்து என்றால் மேம்பட்ட நிலைக்குக் கொண்டுவா. ‘படுத்து’ தனக்கு முன் நிற்கும் நிலையைப் பொருளின் மேல் ஏற்றுகிறது. காப்பகமோ நிலையன்று, இடம். ‘அகம்’ என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. ஆகவே இலக்கணப்படி பழைய வீடொன்றைக் காப்பகப்படுத்தலாம், அதாவது காப்பகமாக மாற்றலாம். கோப்பைக் காப்பகப்படுத்த முடியாது. சிறைப்படுத்து என்கிறோமே, சிறையும் இடந்தானே என்று ஒருவர் மறுத்தார். சிறை முதலில் அடைபட்டிருக்கும் நிலையின் பெயர், பிறகே கட்டடத்தின் பெயர். ‘சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்’ என்று வள்ளுவர் கேட்கும்போது அங்கே கட்டடம் எதுவும் இல்லை. இலக்கணத்தை விட்டாலும் செவி என்று ஒன்று இருக்கிறது. ‘கோப்புகள் காப்பகப்படுத்தப்பட்டுவிட்டன’ என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் தாம் எழுதியதை வாய்விட்டுப் படிப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் வினையானால் தமிழிலும் அதே பெயரைப் பிடித்துப் ‘படுத்து’ என்று வாலைக் கட்டிவிடுவது இன்று கைப்பழக்கமாகிவிட்டது. வினைகளால் நிறைந்த மொழிக்கு இப்படி ஒரு வறுமை வந்திருக்க வேண்டியதில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் வழங்கும் ‘பரணிடு’ இதைவிடப் பல மடங்கு மேலானது. குறுகியது, முற்றிலும் தமிழ், பரணிட்டார், பரணிடப்பட்டது என்று எளிதாகத் திரியும். ஒரு வலைப்பக்கத்தின் அன்றைய நிலையைப் பிடித்துவைப்பதற்கு அது போதும். தரவு நாடாவுக்குப் போதாது. பரணில் போடுவது என்றால் இப்போதைக்குக் கண்ணில் படவேண்டாம் என்று ஏற்றிவைப்பது. அங்கே வரிசை இல்லை, பட்டியல் இல்லை, எத்தனையோ சுவடிகள் செல்லரித்ததும் அங்கேதான். நாடா அந்த மறதியைத் தாங்காது. நாடாவைப் படித்து எழுதும் கருவியான டிரைவ் எட்டாம் தலைமுறையது என்றால், அது ஏழாம், எட்டாம் தலைமுறை நாடாக்களை மட்டுமே படிக்கும். ஆறாம் தலைமுறை நாடாவை உள்ளே தள்ளினால் படிக்காது. நாடா நல்ல நிலையில் இருந்தும் படிக்கக் கருவி இல்லாமல் போகலாம் என்பதால், சில தலைமுறைகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய நாடாவுக்கு மாற்றியாக வேண்டும். ஏற்றிவைத்து மறப்பதன் பெயரை இதற்கு வைத்தால், வேலையின் பாதி சொல்லிலேயே விடுபட்டுப்போகிறது.

நான் பரிந்துரைப்பது ‘வைப்பு’. ஒருவன் தன் பொருளைச் சேர்த்துவைக்கும் இடத்தைக் குறள் ‘பொருள்வைப் புழி’ என்கிறது. உரையாசிரியர்களோ ஒரு நூலில் எந்த இயலுக்குப் பின் எது ஏன் நிற்கிறது என்பதை ‘வைப்புமுறை’ என்பார்கள். பாதுகாப்பாக ஒப்படைப்பது, ஒழுங்காக அடுக்குவது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் முன்பே இருக்கின்றன. ஆர்கைவுக்கு வேண்டியவை இந்த இரண்டும்தான். நெடுங்காலத்துக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நெடுவைப்பு’ எனலாம். வினைக்கு ‘வைப்பில் இடு’. வைப்பு என்றதும் வேறொரு பொருள் நினைவுக்கு வந்து சிலர் சிரிக்கிறார்கள். வைப்பு நிதி என்னும்போது யாரும் சிரிப்பதில்லை.

நாடாவைப் பற்றியும் ஒரு சொல். அது உருது வழி வந்ததாயினும் ஒலிநாடா, ஒளிநாடா என்று வேர்விட்டுவிட்டது. அதைப் பிடுங்கத் தேவையில்லை. ஆனால் எல்டிஓ நாடாவை ‘ஒளிநாடா’ என்று எழுதுவது பிழை. ஒளிநாடாவில் காட்சியே சமிக்ஞையாகப் பதிந்திருக்கும், ஓட்டிப் பார்க்கலாம். இதில் இருப்பவை வெறும் கோப்புகள். 2010இல் வந்த ஐந்தாம் தலைமுறையிலிருந்து நாடாவை இரண்டு பிரிவாக்கி, ஒன்றில் அட்டவணையும் மற்றதில் தரவும் எழுதும் எல்டிஎஃப்எஸ் முறை இருப்பதால், திரையில் அது வன்தட்டைப் போலவே கோப்புறைகளாகத் தெரிகிறது. தெரிவதோடு சரி. ஒரு கோப்பை நீக்கினால் பெயர் மறையுமே தவிர இடம் திரும்பக் கிடைக்காது. நாடா முழுவதையும் புதிதாக வடிவமைத்தால்தான் கிடைக்கும். ‘நீக்கி இடத்தை மீட்கவும்’ என்று தட்டுக்கான வாக்கியத்தை நாடாவுக்கும் ஒட்டிய கையேட்டைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் தலைமுறை நாடாவின் உறையில் அச்சாகும் 30 டெராபைட்டை அப்படியே கொள்ளளவு என்று மொழிபெயர்ப்பதும் இந்த வகைதான்; அது இரண்டரை மடங்கு சுருங்கும் தரவுக்கான கணக்கு. கேமராவிலேயே சுருக்கப்பட்டுவிட்ட காட்சிப்பதிவு மேலும் சுருங்குவது அரிது. அதற்கு 12 என்றே கொள்ள வேண்டும்.

திரும்ப எடுப்பதற்கும் இரண்டு சொற்கள் வேண்டும். காப்புப்படியிலிருந்து கொண்டுவருவது மீட்பு. ஏதோ ஒன்று போய்விட்டது என்பது அதில் அடங்கியிருக்கிறது. வைப்பிலிருந்து கொண்டுவரும்போது எதுவும் போகவில்லை. மறுபதிப்புக்காக நான்கு காட்சிகள் வேண்டும், பட்டியலைப் பார்த்து அந்த நான்கை மட்டும் எடுக்கிறோம். அதற்கு ‘எடுப்பு’ என்றே எழுதலாம். ‘காப்பு மீட்டமை’ என்று பொத்தானில் எழுதியிருந்தால் நான்கு காட்சி வருமா, பன்னிரண்டு டெராபைட்டும் வேலைத்தட்டின் மேல் வந்து விழுமா என்பது அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.