கண்ணை மூடினால் கெண்டைக்கால் என்ன செய்யும்?

சும்மா நிற்பது என்று ஒன்று கிடையாது. நிற்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் கணுக்காலுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அப்படியே விட்டால் குப்புற விழவேண்டியதுதான். விழாமல் பின்னால் இழுத்துப் பிடிப்பது கெண்டைக்கால் தசை, அதிலும் உள்ளே கிடக்கும் சோலியஸ். தோலில் மின்முனை ஒட்டி இ.எம்.ஜி. (தசையின் மின் சைகைகளைப் பதியும் சோதனை) எடுத்தால், நிற்கும் நேரமெல்லாம் அது சன்னமாக உழைப்பது தெரியும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசைக்கு, இளைஞர்களில், பெரும்பாலும் ஓய்வுதான்.

எப்போது, எவ்வளவு இழுப்பது? அதற்கான தகவலைக் கண்ணும் உட்செவியும் பாதமும் கணுக்காலும் தருகின்றன. கண்ணின் செல்வாக்கை 1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உளவியலாளர் டேவிட் லீ 'ஆடும் அறை' கட்டிக் காட்டினார். தரை அசையாது, சுவர்கள் மட்டும் நகரும். சுவர் நெருங்கி வந்தால், 'நாம்தான் முன்னால் சாய்கிறோம்' என்று மூளை ஏமாந்து உடலைப் பின்னால் தள்ளும். பெரியவர்கள் தள்ளாடினார்கள். புதிதாக நடை பழகிய குழந்தைகள் பொத்தென்று விழுந்தன.

வயதானால் பாதத்தின் உணர்வு மங்குகிறது, நரம்புச் செய்தி தாமதமாகிறது, வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் மெலிகின்றன. அதனால் உடல் கண்ணையே அதிகம் நம்புகிறது. ஆனால் கண்ணும் அதே வயதுதானே! கண்பாவை சிறுத்து, லென்ஸ் மஞ்சளித்து, 20 வயதில் விழித்திரைக்குப் போன ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறது. சீயக்காய் எரிகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொம்பைத் தேடும் தாத்தா சுவரைப் பிடிப்பது, உடல் இப்படிக் கண்ணையே நம்பியிருப்பதால்தான்.

தகவல் போதாதபோது கால் இறுகிக்கொள்கிறது. முன் தசையும் பின் தசையும் ஒரே சமயத்தில் இழுத்து, கணுக்காலைக் கட்டை போலாக்குகின்றன. கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தாலும் எனக்கு இது அரைகுறை வைத்தியமாகவே படுகிறது. தசை சீக்கிரம் சோர்ந்துவிடும். திடீரென்று வழுக்கினால், இறுகிய காலைத் தூக்கி எட்டி வைக்கவும் தாமதமாகும்.

அப்புறம், பைஃபோகல் கண்ணாடி. அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது; படி இறங்கும்போது குனிந்து பார்த்தால் படியின் விளிம்பே கலங்கும். ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், இதுபோன்ற கண்ணாடி அணிந்து வெளியே நிறைய நடமாடும் முதியவர்களுக்குத் தூரத்தில் இருப்பதைப் பார்க்க மட்டும் தனிக் கண்ணாடி கொடுத்தபோது அவர்கள் விழுவது குறைந்தது. அதிகம் வெளியே போகாதவர்களுக்கு அது உதவவில்லை. எப்போதாவது வெளியே போனபோது அவர்கள் விழுவது கூடியது.