கந்தகம் என்றால் தங்கமும் மசியும்

தங்கம் துருப்பிடிக்காது, ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாது. அப்படிப்பட்ட தங்கம் கந்தகத்திடம் மசிந்துவிடுகிறது. கந்தக அணு பெரியது. அதன் வெளிப்புற எலக்ட்ரான்கள் இறுக்கமாகக் கட்டுண்டு கிடப்பதில்லை, எளிதில் நெளிந்துகொடுக்கும். தங்கத்தின் எலக்ட்ரான்களும் அதே ரகம். அதனால்தான் இரண்டும் சுலபமாகப் பிணைகின்றன.

கார்பன் சங்கிலியின் முனையில் ஒரு கந்தகமும் அதோடு ஒரு ஹைட்ரஜனும் இருந்தால் அது தயோல். நாற்றம் குடலைப் புரட்டும். எரிவாயுக் கசிவை உணர்த்தச் சேர்க்கும் வாடைப்பொருள் பெரும்பாலும் இந்த இனம்தான். தயோலை எத்தனாலில் துளியளவு கரைத்து, சுத்தமான தங்கத் தகட்டை அதில் போட்டால் போதும். கந்தகம் தன் ஹைட்ரஜனை உதறிவிட்டுத் தங்கத்தோடு பிணைகிறது. சில நிமிடங்களிலேயே பரப்பு பெருமளவு மூடிவிடும். ஆனால் ஒழுங்கு வர ஓர் இரவாவது ஆகும். முதலில் படுத்துக் கிடக்கும் சங்கிலிகள், கூட்டம் நெருக்க நெருக்க எழுந்து, சுமார் 30 பாகை சாய்ந்து, அரை நானோமீட்டர் இடைவெளியில் வரிசைகட்டி நிற்கின்றன. மேலே இன்னோர் அடுக்கு ஏறாது, ஏனென்றால் பிடித்துக்கொள்ள அங்கே தங்கம் இல்லை. 1983-இல் நுஸ்ஸோ, அல்லாரா என்ற இரு வேதியியலாளர்கள், இரண்டு கந்தகங்கள் இணைந்த டைசல்ஃபைடுகளைக் கொண்டு, இப்படித் தானாக அடுக்கு உருவாவதைக் காட்டினார்கள்.

பிணைப்பின் வலிமை மோலுக்கு 170 முதல் 200 கிலோஜூல் வரை. சாதாரண கார்பன்-கார்பன் பிணைப்பில் ஏறக்குறைய பாதி. சரி, கந்தகம் எங்கே உட்காருகிறது? தட்டையான தங்கத்தின் மேல், அணுக்களுக்கு இடையிலுள்ள குழிகளில் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 2007-இல் வெளிவந்த ஒரு படிக அமைப்பு வேறு கதை சொன்னது. 102 தங்க அணுக்களும் 44 தயோல்களும் கொண்ட கொத்து அது. அதன் விளிம்பில், இரண்டு கந்தகங்கள் நடுவே ஒரு தங்க அணுவைப் பிடித்திருந்தன, ஸ்டேப்ளர் ஊசி வளைவைப் போல. அதாவது கந்தகம் சும்மா ஒட்டுவதில்லை, தங்கத்தின் மேற்பரப்பையே கலைத்துப்போடுகிறது! தட்டையான பரப்பிலும் இத்தகைய வளைவுகள் தென்பட்டுள்ளன. எல்லா தயோல்களுக்கும் இது பொருந்துமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

சங்கிலியின் மறுமுனையில் என்ன வைப்பது என்பது நம் விருப்பம். தண்ணீரை விலக்கும் மெத்தில் (CH₃) தொகுதியை வைத்தால் தண்ணீர் முத்தாகத் திரளும். தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் (OH) வைத்தால் பரவிவிடும். டிஎன்ஏ இழையைக்கூட வைத்து உணரியாக்கலாம். ஒரு தொல்லை உண்டு: ஓசோன். காற்றில் அது கொஞ்சம் இருந்தாலே கந்தகம் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்ஃபோனேட்டாகிறது. அதற்குத் தங்கத்தின் மேல் பிடிப்பு குறைவு, கழுவினால் போய்விடும்.