ஆசையாத்தானே தின்னுச்சு, அக்கா?

இந்தக் குளிர்காலத்தில் என் மேசைக்கு வந்த நான்காவது மான் அது. நன்றாகக் கொழுத்த பெட்டை. மேலே ஒரு கீறல் இல்லை. தொடை எலும்பைப் பிளந்தால் மஜ்ஜை வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. பட்டினியில் செத்த மானுக்கு அது சிவந்து கூழாகியிருக்கும். வயிற்றைத் திறந்ததும் புளித்த மாவு வாடை. உள்ளே மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோளம், பாதி மென்றதும் மெல்லாததுமாக. அதற்கப்புறம் அமில அளவு காட்டும் பிஹெச் தாளை நனைத்துப் பார்ப்பதெல்லாம் வெறும் சடங்கு. பார்த்தேன், 5-க்கும் கீழே. தின்ற மக்காச்சோளமே வயிற்றில் புளித்து, அமிலமாகி மானைக் கொன்றிருக்கிறது.

ஊரில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இப்போது அமெரிக்காவில் விஸ்கான்சினில் காட்டு விலங்குகளுக்குப் பிரேதப் பரிசோதனை செய்கிறேன். இந்த மான் கிடந்தது நம்ம ஊர்த் தம்பி ஒருவரின் வீட்டுக் கொல்லையில். காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. "ஆசையாத்தானே தின்னுச்சு, அக்கா?" என்றார். போன வருடம் வேறொருவர், அதற்கு முந்தைய வருடம் ஓர் அமெரிக்கப் பாட்டி, எல்லோரும் கேட்டது இதே கேள்விதான். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

தம்பி விவரம் தெரியாதவரில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர். தன் நிலத்தில் மான்களுக்கென்றே பயிர் போட்டிருக்கிறார். இங்கே அதை ஃபுட் ப்ளாட் என்பார்கள். க்ளோவர் என்ற தீவனச் செடி, ஓட்ஸ், டர்னிப் கிழங்கு, சோயா, மக்காச்சோளம் என்று பட்டை பட்டையாக ஐந்து பயிர். இவர் இரண்டு சீசன் அவரோடு போய், மரத்தில் கேமரா கட்டி, எந்தப் பயிரில் எத்தனை மான் என்று அட்டவணை போட்டிருக்கிறார். செப்டம்பரில் க்ளோவர். அக்டோபரில் எதிலும் ஆளே இல்லை. நவம்பரில் பகலில் பூஜ்யம். டிசம்பரில் ராத்திரி முழுக்க மக்காச்சோளம். ஆக, மானுக்குப் பிடித்தது மக்காச்சோளம். ஜனவரியில் பனி கொட்டியதும் பாவம் பார்த்து, தீவனக் கடையில் 50 பவுண்டு மூட்டை வாங்கிக் கொல்லையில் குவித்துவிட்டார்.

அட்டவணையில் தப்பே இல்லை. அதைப் படித்த விதத்தில்தான் தப்பு.

அக்டோபரில் மான்கள் எங்கே போயின? காட்டுக்குள், வெள்ளை ஓக் மரத்தடியில். அந்த மரத்துக் கொட்டையில் துவர்ப்பு குறைவு. அது உதிரும் வாரங்களில் நீங்கள் எந்தப் பயிரைப் போட்டிருந்தாலும் மான் திரும்பிப் பார்க்காது. சிவப்பு ஓக் கொட்டை துவர்க்கும் என்பதால் அதைப் பிற்பாட்டுக்கு விட்டுவைக்கும். சோயா இலை பச்சையாக இருக்கும்வரை மொட்டையடிக்கும். மஞ்சளானதும் விட்டுவிட்டு, குளிர் இறங்கியபின் காய்க்குத் திரும்பி வரும். டர்னிப்பை மான் தொடவில்லை என்று அக்டோபரிலேயே உழுது மடக்கியவர்களை எனக்குத் தெரியும். நல்ல உறைபனி நாலு நாள் விழட்டும், இலையில் இனிப்பேறும். அப்புறம் தரையைத் தோண்டிக் கிழங்கையும் தின்றுவிடும்.

நவம்பர்ப் பூஜ்யம் இன்னொரு கதை. கிடாக்கள் இணை தேடி அலையும் மாதம் அது. தீனி நினைப்பே இருக்காது. நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி வேட்டை சீசன் தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். வெடிச் சத்தம் கேட்ட மான் பகலில் வெட்ட வெளிக்கு வருமா? பயத்தைப் போய் ருசி என்று எழுதி வைத்திருக்கிறோம்.

உண்மையிலேயே எதைத் தின்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு பயிரிலும் மூன்றடி அகலத்துக்குக் கம்பிவலையை வட்டமாக நட்டுவையுங்கள். வலைக்குள் வளர்ந்திருப்பதையும் வெளியே மிஞ்சியிருப்பதையும் ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். வேட்டையாடுகிறவர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி உண்டு: குடலெடுக்கும்போது இரைப்பையைக் கீறி உள்ளே பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு.

சரி, வயலில் டிசம்பர் முழுக்க மக்காச்சோளம் தின்ற மான் சாகவில்லையே, கொல்லையில் தின்றது மட்டும் ஏன் செத்தது? அந்த வயலுக்கு அது இலையுதிர் காலத்திலிருந்தே வந்து போகிறது. ஒரு கதிர், நாலு வாய் புல், ஓரத்தில் குச்சி என்று கலந்து மேயும். வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும் மாவுச்சத்துக்கு மெல்ல மெல்லப் பழகிவிடும். கொல்லைக்கு வந்த பெட்டையோ பனியில் வாரக்கணக்காக மரமொட்டுகளையும் குச்சியையும் கடித்துக் காலம் தள்ளியது. அந்த வயிறு மறுபடி தானியத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். நீங்கள் ஒரே ராத்திரியில் மூட்டையைக் கொட்டுகிறீர்கள். வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? அப்புறம் நடப்பதை மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கலன்று பானை பானையாகப் பொங்கல் தின்ற மாடும், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற மாடும் மறுநாள் எப்படிக் கிடந்தன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான்: "அது காட்டு விலங்கு, தனக்கு எது நல்லதென்று அதுக்குத் தெரியாதா?" தெரியாது. காட்டில் கட்டிச் சத்துள்ள தீனி அபூர்வம். கிடைக்கும்போது கிடைத்தமட்டும் தின்பது என்று மட்டுமே அதன் உடம்புக்குத் தெரியும். குளிர்காலத்தில் குவியல் குவியலாகத் தானியம் கிடைக்கும் என்று எந்த மானின் பரம்பரையும் எதிர்பார்க்கவில்லை. அதனால் "போதும்" என்று சொல்லும் கடிவாளமும் இல்லை. அரிசி மூட்டையைக் கிழித்த ஆடு பாதியில் நிறுத்துமா? அந்த ஆடும் ஆசையாகத்தான் தின்றது. ஆசை வாய்க்கு, செரிமானம் வயிற்றுக்கு. இரண்டும் கலந்து பேசி முடிவெடுப்பதில்லை. 2015-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சவுத் ஹாம்ப்டன் ஊரில் மான்களுக்குத் தீவனம் வைத்தார்கள். 12 மான்கள் செத்துக் கிடந்தன.

குவியலில் இன்னொரு வினையும் இருக்கிறது. ஒரே இடத்தில் பத்து மான்கள் மூக்கோடு மூக்கு உரசித் தின்னும். எச்சில், மூத்திரம், சாணம் எல்லாம் அங்கேயே. இங்கே சிடபிள்யூடி என்ற மூளைநோய் மான்களிடையே பரவுகிறது. விஸ்கான்சினில் 2002-ல் கண்டுபிடித்தார்கள். அதை உண்டாக்கும் ப்ரியான் என்ற உருக்குலைந்த புரதம் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், மருந்து கிடையாது. அதனால்தான் நோய் கண்ட கவுண்டிகளில் (நம்ம மாவட்டம் மாதிரி) தீவனம் வைக்கத் தடை. உங்கள் கவுண்டியில் நிலவரம் என்ன என்று மாநில இயற்கைவளத் துறையின் இணையப் பக்கத்தில் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. சுட்ட மானைச் சோதனைக்குக் கொடுக்காமல் சமைக்காதீர்கள். "நல்லா வேகவச்சா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். ப்ரியான் குக்கர் விசிலுக்குச் சாகாது.

பனிக்காலத்தில் மக்காச்சோளம் வேண்டாம். ரொட்டி வேண்டாம். மிஞ்சிய சாதம் சத்தியமாக வேண்டாம். வைக்கோலும் உதவாது, வயிறு நிறையும், சத்து ஏறாது. ஏற்கெனவே கொட்டிவிட்டீர்களா? இன்றைக்கே அள்ளிவிடுங்கள். மான் தள்ளாடி நின்றால் துரத்திப் பிடிக்காதீர்கள், அந்தப் பயத்திலேயே செத்துவிடும். மாட்டுக்குச் செய்வதுபோல ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்டார் தம்பி. யார் பிடித்துக்கொள்வது? துறைக்குப் போன் போடுங்கள்.

ஏதாவது செய்யாமல் இருக்க மனம் கேட்காது என்று புரிகிறது. பனியில் நிற்கும் மானைச் சன்னல் வழியே பார்த்தால் எனக்கும் அப்படித்தான். ஆனால் அது இந்தக் குளிருக்கென்றே கொழுப்புச் சேர்த்து, தீனியைக் குறைத்து, நடமாட்டத்தையும் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. உதவி செய்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் நிலத்தில் எப்படியும் வெட்டப்போகிற மேப்பிள் மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டிச் சாய்த்து, கிளைகளை அப்படியே விட்டுவிடுங்கள். எட்டாத உயரத்துக் கொழுந்து வாய்க்குக் கிடைக்கும். அதன் வயிறும் அதற்குத்தான் பழகியிருக்கிறது.

தம்பி நேற்றுக் கூப்பிட்டார். கராஜில் இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறதாம், என்ன செய்வது என்று கேட்டார். கோழி வளர்ப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கொடுக்கச் சொன்னேன். பூஞ்சை பிடித்திருந்தால் கோழிக்கும் கிடையாது, நேரே குப்பைதான்.