மரியானோ ரிவேராவின் கட்டர்: மட்டைகளை உடைத்த பந்தின் இயற்பியல்

1997 ஜூன் மாதம், டெட்ராய்ட் நகரம். ஆட்டத்துக்கு முன் சக வீரர் ராமிரோ மென்டோசாவோடு பந்தைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மரியானோ ரிவேரா. நேராக வரவேண்டிய பந்து கடைசி நேரத்தில் விலகி விலகிப் போனது. ஏதோ வேண்டுமென்றே செய்கிறார் என்று மென்டோசாவுக்கு எரிச்சல். ரிவேரா புதிதாக எதையும் செய்யவில்லை. பந்துவீச்சுப் பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயர் அந்த விலகலை ஒழித்துக்கட்டத்தான் முதலில் பார்த்தார். வாரக்கணக்கில் முயன்றும் போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் ரிவேராவின் 'கட்டர்'.

பேஸ்பாலில் ஒருமுறை வெளியே எடுக்கப்பட்ட பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், அந்த ஆட்டத்தில் திரும்ப வரமுடியாது. ஆரம்பித்தவர் களைத்ததும் மாற்று வீச்சாளர்களான ரிலீஃப் பிட்ச்சர்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். இங்கே இன்னிங்ஸ் என்பது மூன்று பேர் அவுட்டாகும்வரை ஓர் அணி மட்டை பிடிக்கும் சிறு சுற்று. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், நூலிழை முன்னிலையைக் காப்பாற்ற வருபவர் குளோசர். மூன்று ரன் அல்லது அதற்கும் குறைந்த முன்னிலையோடு வந்து, ஒரு இன்னிங்ஸ் வீசி வெற்றியை முடித்துக்கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். ரிவேரா எடுத்தது 652. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

குளோசர் ஒரு ஆட்டத்தில் சந்திப்பது மூன்று நான்கு பேட்டர்களைத்தான். ஒரே பேட்டர் அதே இரவில் இரண்டாம் முறை வருவது அபூர்வம். அதனால் நாலு வகைப் பந்து கைவசம் இல்லாவிட்டாலும் ஓட்டிவிடலாம். ஆனாலும் ஏறக்குறைய ஒரே பந்தை வைத்துப் பதினாறு ஆண்டு காலம் தள்ளுவது வேறு கதை. இன்ன பந்து வரப்போகிறது என்று எல்லா பேட்டருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை.

காரணம் காற்றில் இருக்கிறது. வேகப்பந்து கையை விட்டுப் போகும்போது பின்னோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சி தன்னைச் சுற்றிய காற்றைக் கீழே தள்ளுகிறது. எதிர்வினையாகக் காற்று பந்தை மேலே தூக்குகிறது. இதற்கு மாக்னஸ் விசை என்று பெயர். புவியீர்ப்பை அது வெல்வதில்லை, பந்து விழுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. சுழல் அச்சு சாய்ந்தால் விசையும் சாயும். பந்தை நடுவிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்து, விடும்போது நடுவிரலால் ஒரு அழுத்தம் கொடுத்தால் அச்சு சாய்கிறது. மேலே தூக்கும் விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்புகிறது. கிரிக்கெட்டில் நாம் கட்டர் என்பது தரையில் பட்டபிறகு திரும்பும். இது காற்றிலேயே திரும்புவது. வலக்கைக்காரரான ரிவேரா வீசியது வலக்கை பேட்டரை விட்டு விலகும், இடக்கை பேட்டரின் வயிற்றுப்பக்கம் பாயும்.

பந்து கடைசியில்தான் 'வெட்டுகிறது' என்பார்கள் பேட்டர்கள். உண்மையில் விசை ஆரம்பத்திலிருந்தே ஏறத்தாழ ஒரே அளவில் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நிலையான விசையில் விலகல் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் பந்து வந்துசேர சுமார் 0.4 வினாடி. மொத்த விலகல் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முதல் 0.2 வினாடியில் நடப்பது நாலில் ஒரு பங்கு, 4 செ.மீ.கூட இல்லை. மீதி 11 செ.மீ. அடுத்த 0.2 வினாடியில். அதற்குள் பேட்டர் மட்டையை வீசுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் வகைப் பந்தாவது சுழலும்போது சிவப்புத் தையல் ஒரு புள்ளியாகத் தெரிந்து காட்டிக்கொடுக்கும். ரிவேராவின் கட்டர் அப்படி எதையும் காட்டாமல் சாதாரண வேகப்பந்து போலவே வந்தது. பேட்டர் மட்டையின் தடித்த பகுதியால் அடிப்பதாக நினைப்பார். பந்து கைப்பிடி ஓரமாக, மெல்லிய இடத்தில் படும். அங்கே மோதினால் பந்துக்குப் போகவேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு மட்டையை வளைத்து அதிரவைப்பதில் செலவாகிவிடும். மட்டை முறியும். 2013இல், அவருடைய கடைசி ஆண்டில், மினசோட்டா ட்வின்ஸ் அணி உடைந்த மட்டைகளாலேயே ஒரு ஆடும் நாற்காலி செய்து அவருக்குப் பரிசளித்தது.

ஆளின் பின்னணி இந்தப் புகழுக்கெல்லாம் வெகு தூரம். பனாமாவின் புவர்ட்டோ காய்மிட்டோ மீனவக் கிராமத்தில் வளர்ந்தவர். அப்பா மீன்பிடிப் படகின் கேப்டன். அட்டையால் கையுறை செய்து விளையாடிய பிள்ளை. தானும் அப்பாவின் படகில் வேலைக்குப் போய், அது கவிழ்ந்ததையும் பார்த்தவர். 1990இல் சில ஆயிரம் டாலருக்கு யாங்கீஸ் ஒப்பந்தம் செய்தபோது ஆங்கிலம் தெரியாது. சிறுவயதிலிருந்தே பழகிய கிளாராவை மறு ஆண்டு மணந்தார், மூன்று மகன்கள். கட்டர் கடவுள் தந்தது என்பார் ரிவேரா. நடுவிரல் அழுத்தம் என்பது என் கட்சி. அந்த விரல் அன்றைக்கு ஏன் அப்படி அழுத்தியது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

2001 உலகத் தொடரின், அதாவது அமெரிக்க பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடரின், ஏழாவது ஆட்டத்தில் இதே பந்துதான் காலை வாரியது. அரிசோனாவின் லூயிஸ் கான்சாலஸ் இடக்கை பேட்டர். கட்டர் எப்போதும் போல உள்ளே பாய்ந்து கைப்பிடிப் பக்கம் பட்டது. ரன் போய்விடாதிருக்க உள்வட்டத் தடுப்பாளர்கள் முன்னே வந்து நின்றிருந்தார்கள். நன்றாக அடிபடாத பந்து அவர்கள் தலையைத் தாண்டிப் போய்ச் சொத்தென்று விழுந்தது. கோப்பை போயிற்று. ஜெயித்திருந்தால் வெற்றி ஊர்வலத்துக்காகத் தங்கி, பிறகு நவம்பர் 12 அன்று டொமினிகன் குடியரசுக்குப் பறப்பதாக இருந்தார் அணித்தோழர் என்ரிக்கே வில்சன். தோற்றதால் முன்கூட்டியே போய்விட்டார். அவர் போவதாக இருந்த அந்த நவம்பர் 12 விமானம் நியூயார்க்கில் விழுந்து, உள்ளே இருந்த 260 பேரும் இறந்தார்கள். தோற்றதே நல்லது என்று ரிவேரா பின்னர் சொன்னார்.

2012இல் முழங்கால் தசைநார் கிழிந்தது; 42 வயது. எல்லோரும் முடிந்தது என்றார்கள். திரும்பி வந்து ஒரு வருடம் ஆடிவிட்டுத்தான் ஓய்வுபெற்றார். 2019இல் பேஸ்பால் புகழரங்கத் தேர்வில் பதிவான 425 வாக்கும் அவருக்கே. அதற்கு முன் யாருக்கும் அப்படிக் கிடைத்ததில்லை.

பிடியை அவர் ஒளித்துவைக்கவும் இல்லை. 2008இல் பல அணிகளின் நட்சத்திரங்கள் கூடி ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்தின்போது டொரான்டோ அணியின் ராய் ஹாலடே கேட்டார், காட்டிக்கொடுத்தார். ஹாலடே விரல் இருந்த இடங்களைப் பந்திலேயே பேனாவால் வரைந்து வைத்துக்கொண்டார். எதிரணிக்காரனுக்குப் போய்ச் சொல்லித்தருவதா என்று யாங்கீஸ் வீரர்கள் தங்களுக்குள் விளையாட்டாகப் பஞ்சாயத்துக் கூட்டி ரிவேராவுக்கு அபராதம் போட்டார்கள்.